கசிவே இல்லாத எஞ்சின்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காரையும் கண்டுபிடித்தது. ஆனால் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து, எஞ்சினைச் சுற்றிப் படிந்த பிசுக்கை, யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல், வீட்டு வாசலிலேயே வைத்துக் கழுவுவது எப்படி என்பதை மட்டும் ஏனோ கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டது. அந்தப் பெருங்குறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தொடங்கி நிவர்த்தி செய்யப்பட்டது. செய்தவர் ஒரு தனிமனிதர். கூடவே எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரும் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் ஏணி இரவல் கேட்க வந்தவர்.

தனிமனிதர், பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்பு அதிகாரி. தெருவில் அவருக்கு 'ஜாக்கிரதை சார்' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அவருடைய வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, வெளியே போக ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் போகும் வழியில் ஐந்து இடத்தில் 'அவசர வழி' என்று அம்புக்குறி ஒட்டியிருந்தது. நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்க்காமல் அவர் உட்கார்ந்ததை உலகம் கண்டதில்லை. பல்பு மாற்றும் நாளில் குடும்பமே வாசலுக்கு வெளியேற்றப்பட்டு, மாற்றி முடித்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுமதிக்கப்பட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். அந்த மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் வேலை. காடு மேடெல்லாம் சுற்றி, நாற்பது கிணற்றில் அளவுக் கயிற்றை இறக்கிப் பார்க்க வேண்டும். இடம் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி. நியமன உத்தரவில் இரண்டு வரி தடித்த எழுத்தில் இருந்தது. ஒன்று, சொந்தமாக நான்கு சக்கர வாகனம் கட்டாயம். இன்னொன்று, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாகனத்தோடு வந்து சேராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும்.

ஜாக்கிரதை சார் தடுக்கவில்லை. தடுக்கிற ஆளா அவர்? மாற்று ஏற்பாடு ஒன்றை மட்டும் 'கனிவுடன் பரிந்துரைத்தார்'. அவருடைய தொழிற்சாலையிலேயே, வருகிறவர் போகிறவர் பெயரை எழுதி வைக்கும் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏசி அறை. வேலைக்குப் போக ஓட்டவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம். அங்கே இருப்பதிலேயே பெரிய ஆபத்து ஸ்டேப்ளர்தான்.

"அப்பா, நான் ஜியாலஜி படிச்சது கேட்ல உக்காந்து பேர் எழுதறதுக்கா?" என்றாள் மகள்.

"சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேம்மா."

"காரைத் தரேன்னு சொல்லிட்டீங்க. பேச்சு மாறக் கூடாது."

"தரேன். வண்டி நல்ல நிலைமையில இருந்தா தரேன்."

வண்டிக்குப் பதினோரு வயது. நல்ல நிலைமையில்தான் இருந்தது, ஒரே ஒரு விஷயம் தவிர. எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் வாரத்துக்கு அரை டம்ளர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டும் விழவில்லை. எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து, கூலன்டில் ஒரு சாயத்தைக் கலந்துவிட்டுப் போயிருந்தார். நீல விளக்கு அடித்தால் அந்தச் சாயம் பச்சையாக மின்னும். ஒரு வாரம் ஓட்டினால் கசிகிற இடத்திலிருந்து தடம் விட்டிருக்கும். அடுத்த ஞாயிறு மதியம் வந்து விளக்கடித்துப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"அதுவரைக்கும் பானெட்டுக்குள்ள தண்ணி மட்டும் காட்டிடாதீங்க சார். தடம் போயிடும்" என்று சொல்லியிருந்தார். ஜாக்கிரதை சார் அதைக் குறிப்பேட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு வந்தது. காலை ஒன்பது மணிக்கு மனைவியும் மகளும் புது அறைக்கு ஒரு மெத்தையும் வாளியும் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்கள். மாலை நாலு மணிக்கு மகள் புறப்படுவதாக ஏற்பாடு.

"பன்னெண்டரைக்குள்ள வந்துடுவோம். மெக்கானிக் அப்பதான் வருவாரு. நீங்க காரைத் தொடாதீங்க" என்றாள் மனைவி.

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"எதுக்குன்னு தெரியலை. தொடாதீங்க, அவ்வளவுதான்."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஜாக்கிரதை சாருக்கு ஓர் உண்மை பளிச்சென்று பட்டது. அசுத்தமான எஞ்சின் என்பது ஆபத்தான எஞ்சின். பிசுக்கில் எண்ணெய் இருக்கும், எண்ணெயில் நெருப்புப் பிடிக்கும். பெற்ற மகளை அப்படிப்பட்ட வண்டியில் அனுப்புவது எந்த விதியில் இருக்கிறது? எந்த விதியிலும் இல்லை. அவர் உடனே கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, காரைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டுக்குள் கண்ணாடிக் கடைக்காரர் கால் வைத்தார்.

"சார், ஒரு ஏணி வேணும். அரை மணி நேரத்துல..."

"தலைக்கவசம் எங்க?"

"ஏணி கேக்கறதுக்குத் தலைக்கவசமா?"

"வேலை நடக்கற எல்லைக்குள்ள வந்துட்டீங்களே. கீழ பாருங்க."

கடைக்காரர் கீழே பார்த்தார். அதற்குள் மஞ்சள் தலைக்கவசம் ஒன்று மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. தொடர்ந்து ஒரு படிவம் நீட்டப்பட்டது. 'பணி அனுமதிச் சீட்டு: எஞ்சின் பகுதி சுத்திகரிப்பு.' கீழே 'கண்காணிப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கோட்டைத் தாண்டி வெளியே போகலாம், போட்டால் வேலை முடியும்வரை போகக் கூடாது என்று விளக்கப்பட்டது. கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அனைவரும் கவனிக்கவும்" என்று ஆரம்பித்தார் ஜாக்கிரதை சார். கடைக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"அவசர நிலை ஏற்பட்டா, நாம கூடவேண்டிய இடம் அதோ அந்த விளக்குக் கம்பம். போய் நின்னதும் தலை எண்ணணும்."

"நாம ரெண்டு பேர்தானே சார்?"

"அதனாலதான் எண்ணணும். ஒரு தலை குறைஞ்சாலும் பாதிப் பேர் போயிட்டாங்கன்னு அர்த்தம்."

கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். ஏணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அது பதிவாகவில்லை.

இதன் பிறகு நடந்ததை வீட்டில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கார் சமதளத்தில், நிழலில் நின்றது. எஞ்சின் முந்தைய நாள் மாலையிலிருந்து ஓடவில்லை. ஆனாலும் சூடு இருக்கிறதா என்று புறங்கையால் நாலு இடத்தில் தொட்டுப் பார்க்கப்பட்டது. பேட்டரியின் மைனஸ் ஒயர் கழற்றப்பட்டு, துணி சுற்றி ஓரமாக ஒதுக்கப்பட்டது. பிறகு, தண்ணீர் படக் கூடாத உறுப்புகளுக்குப் பிளாஸ்டிக் பை கட்டும் படலம். பேட்டரிக்கு ஒரு பை. ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு பை. காற்று உள்ளே போகும் வாய்க்கு ஒரு பை. கரண்ட் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டருக்கு மட்டும் மூன்று பை, ஒன்றின் மேல் ஒன்றாக. அது முக்கிய உறுப்பு என்பதால் அதோடு நிற்காமல், மேலே போகிற ரப்பர் ஹோஸையும் சேர்த்து உள்ளே இழுத்து, ரப்பர் பேண்டு போட்டு, அதன்மேல் டேப்பும் சுற்றினார்.

"அது எதுக்கு சார் ஹோஸையும் சேத்துக் கட்டறீங்க?"

"ஓரத்துல தண்ணி இறங்கினா? யார் பதில் சொல்றது?"

பிசுக்கை இளக்கும் மருந்தைக் கீழிருந்து மேலாக அடித்தார். ஐந்து நிமிடம் ஊறவிட்டார். காயவிடவில்லை, காய்ந்தால் திட்டுத் திட்டாகிவிடும். இடுக்கெல்லாம் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். அழுக்குத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடாமல் அடியில் ஒரு பெரிய தட்டு வைத்தார். எல்லாம் தயாராகி, குழாயைக் கையில் பிடித்தபோதுதான் கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மெக்கானிக் தண்ணி காட்ட வேணாம்னு சொன்னதா உங்க பொண்ணு எங்க வீட்டுல சொல்லிட்டிருந்துச்சே?"

"அது போன வார அறிவுறுத்தல்" என்றார் ஜாக்கிரதை சார். "இது இந்த வார நிலவரம்."

சொல்லிவிட்டாரே தவிர, குழாயைத் திறக்கக் கை வரவில்லை. பின் சீட்டில் மகளின் அளவுக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் அவளுடைய ரப்பர் பூட்ஸ். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் லாரி. அங்கே போய், யாருமில்லாத வெட்டவெளியில், கிணற்று விளிம்பில் தனியாகக் குனிந்து நிற்பாள். பின்னாலிருந்து 'பார்த்து, பார்த்து' என்று சொல்ல ஒரு ஆள் இருக்க மாட்டான். பாசம் வேறு, பாதுகாப்பு வேறு என்று தனக்குத் தானே ஒரு முறை சொல்லிக்கொண்டு, குழாயைத் திறந்தார்.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாமல், பூச்செடிக்கு விடுகிற மாதிரி மெதுவாகத்தான் விட்டார். ஒரு இடம் விடவில்லை. துணியால் ஒற்றினார். மனைவியின் தலை உலர்த்தும் கருவியால் இடுக்குகளை உலர்த்தினார். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பளபளப்பு திரவம் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தார்; பெல்ட்டின் மேல் ஒரு சொட்டுகூடப் படவிடவில்லை, பட்டால் வழுக்கும். பதினொன்றே முக்காலுக்கு எஞ்சின் ஷோரூமில் இருந்து வந்த அன்றைக்குக்கூட இல்லாத அழகோடு ஜொலித்தது. கடைக்காரர் தன்னை மறந்து கைதட்டினார்.

"சரி சார், பையெல்லாம் பிரிச்சுடலாமா? ஏணியை எடுத்துட்டு நான்..."

"பிரிக்கறதா? உலர்த்தும் காலம் இருக்கே!"

பானெட்டிலிருந்து ஒரு அட்டை தொங்கியது. 'உலர்த்தும் காலம் 24 மணி நேரம். தொடாதே.' அதாவது திங்கட்கிழமை பகல் பதினொன்றே முக்கால் வரை. மகள் வேலையில் சேரவேண்டிய நேரம் காலை ஒன்பது. இந்த இரண்டு நேரமும் இப்படி அமைந்தது முழுக்க முழுக்கத் தற்செயல்.

பன்னிரண்டரைக்கு மெத்தையோடு மனைவியும் மகளும், பையோடு மெக்கானிக்கும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"யார் சார் கழுவினது?"

"நான்தான். முழுப் பாதுகாப்போட. நாற்பத்தியொரு அம்சப் பட்டியல் இருக்கு, பாக்கறீங்களா?"

"நான் ஒண்ணே ஒண்ணுதானே சார் சொன்னேன். தண்ணி காட்டாதீங்கன்னு. ஒரு வாரம் ஓடின தடம் போச்சே! இனிமே எங்கன்னு தேடறது? இது சூட்டுல மட்டும் கசியற சின்னக் கசிவு. மறுபடியும் ஒரு வாரம் ஓடணும்."

"ஒரு வாரம் உள்ளூர்ல ஓட்டலாம். இருநூறு கிலோமீட்டர் போகலாமா?" என்று ஜாக்கிரதை சார் மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"கசிவு எங்கன்னு தெரியாம போகச் சொல்ல மாட்டேன் சார். வழியில சூடாகி நின்னா நான்தான் பொறுப்பு."

"பாத்தியாம்மா, அவரே சொல்றாரு."

மகள் மெத்தையைக் கீழே வைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்துகிறவர்களைச் சமாளிக்க அவரிடம் படிவம் உண்டு. அவள் அட்டையைப் படித்தாள். நேரத்தைக் கணக்குப் போட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் அங்க நிக்கணும். தெரியும்ல?"

"தெரியும்மா. என்ன பண்றது, நம்ம கையிலயா இருக்கு? நல்லவேளை, நம்ம கம்பெனி இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கலை. நேத்துதான் விசாரிச்சேன்."

'நேத்து' என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவி அவரையே பார்த்தாள். கடைக்காரர் மெல்ல விளக்குக் கம்பத்துக்கு நகர்ந்தார்.

மெக்கானிக் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டே, போகிற போக்கில் ஆல்டர்னேட்டர் பக்கம் கை காட்டினார். "இது என்ன மூட்டை?"

"அதைத் தொடாதீங்க! உலர்த்தும் காலம்!"

"எத்தனை பை சார் கட்டியிருக்கீங்க?"

"மூணு."

"எதுக்கு மூணு?"

"ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு. இன்னொண்ணும் கிழிஞ்சா..."

மெக்கானிக் காத்திருக்கவில்லை. டேப்பைப் பிரித்தார், ரப்பர் பேண்டுகளை அறுத்தார், மூன்று பையையும் உருவினார். உள்ளே ஆல்டர்னேட்டரும் அதன் மேலே போகிற ஹோஸும் பழைய பிசுக்கோடு, பழைய தூசியோடு, சனிக்கிழமை இருந்தபடியே இருந்தன.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலையே சார்!" என்றார் மெக்கானிக். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனைப் பாராட்டும் குரல் அது.

"எப்படிப் போகும்?" என்றார் ஜாக்கிரதை சார். பெருமையை அவரால் அடக்க முடியவில்லை.

வெளிச்சத்தில் சாயம் தெரியாது என்பதால் வீட்டிலிருந்து ஒரு கறுப்புப் போர்வை வந்தது. மெக்கானிக்கும் மகளும் பானெட்டோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்தார்கள். 'மூடிய இடத்துக்குள் நுழைவதற்குத் தனி அனுமதி வேண்டும்' என்று வெளியே ஒரு குரல் கேட்டது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"பச்சை!" என்று போர்வைக்குள்ளிருந்து மகள் கத்தினாள். "அண்ணே, இதோ! இந்தக் கிளிப்புலேருந்து! அப்படியே கோடு மாதிரி இறங்குது பாருங்க!"

"அதேதான்மா. ஹோஸ் கிளிப் லூசு. சூடாகறப்ப வழிஞ்சு, ஆல்டர்னேட்டர் மேலயே காஞ்சிடுது. அதான் கீழ விழலை. அட, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் தடம் அப்படியே இருக்கே!"

புதுக் கிளிப் போடப் பத்து நிமிடம் ஆனது. கூலன்ட் ஊற்றினார்கள். மீதிப் பைகளையும் எடுத்துவிட்டுப் பேட்டரி ஒயரை மாட்டினார்கள். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, சூடேற்றி, நிறுத்திவிட்டு மறுபடியும் போர்வை போர்த்திப் பார்த்தார்கள். புதுசாக ஒரு பொட்டுப் பச்சையும் இல்லை.

"தாராளமா போகலாம்மா. இருநூறு என்ன, ரெண்டாயிரம் போ" என்றார் மெக்கானிக்.

மகள் குதித்தாள். மெக்கானிக்குக்குக் கை கொடுத்தாள். விளக்குக் கம்பத்தடியில் நின்ற கண்ணாடிக் கடைக்காரருக்கும் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தாள். அத்தனை பேரும் சிரித்த அந்த வாசலில், பாதுகாப்பு அதிகாரியின் முகம் மட்டும் சுருங்கிப் போயிருந்தது. எஞ்சின் பளபளத்தது, கசிவு நின்றது, மகள் போகப் போகிறாள். இனி எதைக் கழுவுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கடமை கடமைதான். உள்ளே போய் ஒரு நீளமான படிவத்தோடு வந்தார். 'சம்பவ அறிக்கை.' தண்ணீர் காட்டக் கூடாத எஞ்சின் கழுவப்பட்டது ஒரு சம்பவம்; சம்பவம் என்று ஒன்று நடந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்; செய்தவர் தானே ஆனாலும் விலக்கு கிடையாது. இந்த நேர்மைக்காகவே தொழிற்சாலையில் அவரை எல்லோரும் வணங்கி ஒதுங்குவார்கள். பானெட்டை மூடி, அதன்மேல் காகிதத்தை விரித்து, நாள், நேரம், இடம் எல்லாம் நிரப்பினார். மகள் சாவிக்காகக் கையை நீட்டியபடி பக்கத்தில் நின்றாள். மனைவி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

'சம்பவத்துக்கான காரணம்' என்ற இடம் வந்தது. ஜாக்கிரதை சார் பேனாவைச் சற்று நேரம் காற்றில் பிடித்திருந்தார். பிறகு மணி மணியான எழுத்தில், 'கவனக்குறைவு' என்று எழுதினார்.

"அடிச்சுடுங்க" என்றாள் மனைவி.

"ஏன்?"

"இருபத்தாறு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். ஒரு நாள், ஒரு நிமிஷம், நீங்க கவனக்குறைவா இருந்து நான் பாத்ததில்லை. கையெழுத்துப் போடற காகிதத்துல பொய் எழுதாதீங்க."